கிண்டிலுக்கு மாற்று பேட்டரி வாங்குவோர் கவனத்திற்கு

2014-இல் வாங்கிய என் கிண்டில் பேப்பர்ஒயிட் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் மூன்று வாரம் தாங்கிய காலம் போய், இரண்டு நாளுக்கு ஒரு முறை சார்ஜ் கேட்கத் தொடங்கியதால், பேட்டரியை நானே மாற்றிவிட முடிவு செய்தேன். 'அசல், புத்தம் புதியது, 3.7 வோல்ட், 1420 எம்.ஏ.எச்.' என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எம்.ஏ.எச். என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதற்கான அளவு. பழைய பேட்டரியிலும் அதே 1420 அச்சிடப்பட்டிருந்ததால் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

மாற்றும் வேலை கடினமானதன்று. முன்சட்டத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்து, திருகுகளைக் கழற்றினால் பேட்டரி கைக்கு வந்துவிடும். மின்தாள் திரையின் அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி என்பதால், அதன்மேல் விரல் அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பதினெட்டாம் நாளுக்குள் கருவி மீண்டும் மூன்று நாளுக்கொரு முறை அணையத் தொடங்கியது. ஏறும் மின்சாரத்தை அளக்கும் யூஎஸ்பி மீட்டரை சார்ஜருக்கும் கருவிக்கும் இடையில் செருகி, முற்றிலும் தீர்ந்த நிலையிலிருந்து சார்ஜ் ஏற்றியபோது 590 எம்.ஏ.எச். அளவிலேயே நிறைந்துவிட்டது. திறந்து பார்த்தேன். பேட்டரியின் ஓரம் அப்பளம்போல் உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தால், அடியில் இன்னொரு தாள். அதில் 600 எம்.ஏ.எச். என்றும் 2016 என்றும் அச்சாகியிருந்தது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆண்டுதோறும் நலிந்துகொண்டே வரும் என்பது, அதை விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

என்னை மிகவும் வருத்தியது விற்பனையாளரின் பதில்தான். திருப்பி அனுப்பும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்றும், கருவியை நானே திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்றும் எழுதினார். கருவியைத் திறக்காமல் அந்தப் பேட்டரியை எவ்வாறு பொருத்துவது? மேலும், மின்னூல் கருவி மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், சொன்னதில் பாதிகூட இல்லாத பேட்டரியும் முதல் வாரம் முழுவதும் நல்லதுபோலவே நடிக்கும். குறை வெளிப்படும்போது கெடு கடந்திருக்கும்.

ஆகவே, வாங்கியே தீர வேண்டுமென்றால், பேட்டரி வந்த அன்றே, பொருத்துவதற்கு முன்பாக, தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரிகளுக்கான ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரக்குறியும் ஆர் (R) எனத் தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். சிறு தராசு இருந்தால் பழையதோடு எடைபோட்டுப் பாருங்கள். என்னுடையது கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது, நான்தான் பொருட்படுத்தவில்லை. பொருத்தியபின் திரை விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, வைஃபையையும் இயக்கி, இரண்டொரு நாளில் சார்ஜைத் தீர்த்துவிட்டு, கெடுவுக்குள் மீட்டரால் அளந்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்போரிடமே கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. சான்றாகத் தேவைப்படலாம் என்பதால், அந்தப் பேட்டரி இப்போது மணல் நிரப்பிய மண்சட்டியில், மொட்டைமாடி நிழலில் இருக்கிறது.