ஆரஞ்சு சக்கரவள்ளி, இரும்புச்சத்து கம்பு: சூரமங்கலத்துல ஒரு சின்ன கடை

சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போற வழியில போர்டு கூட இல்லாத ஒரு சின்ன சிறுதானியக் கடை இருக்கு, ஒரு அக்காதான் நடத்துறாங்க. என் பொண்ணுக்கு இப்ப 11 மாசம், மூணு மாசமா அங்கதான் வாங்குறேன், கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாங்க ஒருதடவையாச்சும் போய்ட்டு வாங்க.

நம்ம ஊரே ஜவ்வரிசி ஊரு, எங்க அத்தையும் ஜவ்வரிசிக் கஞ்சிதான் குடுக்கச் சொன்னாங்க, நானும் குடுத்தேன். ஈசியா செரிக்கும், ஆனா அதுல இருக்கிறது பெரும்பாலும் மாவுச்சத்துதான். கடைக்கார அக்கா ஒரு சக்கரவள்ளிய நறுக்கிக் காட்டுனாங்க, உள்ள கேரட் மாதிரி ஆரஞ்சு கலர். பூ சோனா ரகமாம். 100 கிராமுல 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மத்த ரகத்துல 2, 3தான். உடம்பு இதத்தான் வைட்டமின் ஏ-வா மாத்திக்குது, அது ரொம்பக் குறைஞ்சா மாலைக்கண் வரும்.

அத்தை பாத்ததும் கலர் ஊசி போட்ருப்பாங்கன்னு பயந்துட்டாங்க. அப்படி இல்லைங்க, அந்த ரகத்தோட கலரே அதுதான். ஆப்பிரிக்காவுல ஆரஞ்சு சக்கரவள்ளிய வளத்துப் பரப்புன 3 பேருக்கும், பயிர்லயே சத்து ஏத்துற வேலைய முன்னெடுத்த ஒருத்தருக்கும் 2016-ல உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. மொசாம்பிக், உகாண்டால கொடிய நடக் குடுத்ததோட விடல, அம்மாங்கள உக்காரவச்சு பிள்ளைக்கு எப்படி ஊட்டணும்னும் சொல்லிக் குடுத்திருக்காங்க.

இந்த அக்காவும் அதத்தான் பண்றாங்க, எனக்கு இந்தக் கடை பிடிச்சதே அதுக்குத்தான். "கண்ணு, சும்மா வேகவச்சுக் குடுக்காத, மசிச்சு அரை ஸ்பூன் நெய் விடு, அப்பத்தான் அந்தச் சத்து உடம்புல ஒட்டும்"னு சொல்லித்தான் பையில போட்டாங்க. அன்னைக்கு நைட்டே குடுத்தேன், கிண்ணத்தை வழிச்சுத் தின்னுட்டு இன்னும் வேணும்னு வாயத் தொறந்தா பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அதுவரைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் அவ்ளோ போராட்டம்.

தனசக்தி கம்பும் வச்சிருக்காங்க, கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிற ரகம், 2014-ல நாடு முழுக்க வந்தது. ஊறவச்சு முளைகட்டி அரைச்சா இரும்பு இன்னும் நல்லா சேரும், கஞ்சி ஆறுனதும் ரெண்டு சொட்டு எலுமிச்சை விடுறேன்.

ஒரே குறை மாவு. ஒருதடவை அரைச்சு வச்ச பாக்கெட் வாங்கி, வீட்ல பிரிச்சா ஒரே சிக்கு வாடை, கம்புல எண்ணெய்ப்பசை இருக்கறதால மாவு சீக்கிரம் கெட்டுரும். திருப்பிக் குடுத்தேன், மறுபேச்சு பேசாம மாத்திக் குடுத்தாங்க, ஆனாலும் குழந்தைக்குன்னா முழுக் கம்பா வாங்கி மெஷின்ல கொஞ்சமா அரைச்சுக்கங்க.

கிழங்கு கிலோ 60 ரூவா, அரைக் கிலோவும் தர்றாங்க. காலையில 8 மணிக்குள்ள போயிருங்க, அப்புறம் அடிபட்டதுதான் மிஞ்சும். தோலைப் பாத்து வாங்காதீங்க, ஒண்ண நறுக்கிக் காட்டச் சொன்னா தயங்காமக் காட்டுவாங்க.