வேலை ஆஃபர்களை எடைபோடும் டெம்ப்ளேட்: ஐந்துக்கு மூன்றரை

கடைசி செமஸ்டர் முடிவதற்குள் கையில் மூன்று ஆஃபர் லெட்டர். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த இரண்டு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை, ஒன்று மட்டும் வந்திருந்தால் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பேன். நான் மெக்கானிக்கல். ஒன்று பெரிய உற்பத்தி ஆலை, இன்னொன்று இருபது பேர் மட்டும் இருக்கும் டிசைன் ஸ்டார்ட்அப், மூன்றாவது சேரும்போதே ஒரு தொகையைக் கையில் கொடுக்கும் கன்சல்டிங் கம்பெனி. இனிமேல் ஆலை, ஸ்டார்ட்அப், போனஸ் கம்பெனி என்றே எழுதுகிறேன். இந்தக் குழப்பத்தில் இருந்தபோது கூடப் படித்தவன் ஒருவன் அனுப்பியதுதான் இந்த டெம்ப்ளேட். கூகுள் ஷீட்ஸில் திறக்கும், இலவசம், செய்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை.

இடது ஓரத்தில் 12 அம்சங்கள்: சம்பளம், போனஸ், மொத்தத் தொகை, மேனேஜர், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, பயண நேரம் என்று போகும். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு எடை போட வேண்டும், எடைகளின் கூட்டுத்தொகை 100. அப்புறம் ஒவ்வொரு ஆஃபருக்கும் அம்சவாரியாக 10-க்கு மதிப்பெண். ஷீட் பெருக்கிக் கூட்டி 1000-க்கு எவ்வளவு என்று சொல்லும், முதலில் வருவதைப் பச்சையாக்கும். டிசைன் பேப்பரில் பியூ மேட்ரிக்ஸ் படித்திருப்பீர்கள், ஒரு டிசைனை அளவுகோலாக வைத்து மற்றவற்றுக்கு பிளஸ், மைனஸ் போடுவோமே, அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை 100-ஐத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாகி அடம்பிடிக்கும். எல்லாமே முக்கியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு அது நல்ல அடி. கற்றுக்கொள்ளும் வாய்ப்புக்கு 5 கூட்ட வேண்டுமென்றால் வேறு எதிலிருந்தாவது 5-ஐப் பிடுங்கியாக வேண்டும், எதிலிருந்து பிடுங்க மனம் வரவில்லை என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

குறைக்கு வருவோம். பணம் இந்த ஷீட்டில் மூன்று முறை எண்ணப்படுகிறது. சம்பளம் ஒரு வரிசை, போனஸ் ஒரு வரிசை, இரண்டையும் சேர்த்த மொத்தத் தொகை இன்னொரு வரிசை. டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் எடைகளை அப்படியே விட்டால் 100-இல் 45 பணத்துக்கே போய்விடுகிறது, போனஸ் கம்பெனிதான் ஜெயிக்கும், ஜெயித்தது. மூன்றையும் ஒரே வரிசையாக்கி 30 கொடுத்தேன்.

அதிலும் ஒரு கோளாறு. சேரும்போது ஒரே ஒரு முறை தரும் போனஸை ஷீட் வருடச் சம்பளத்தோடு கூட்டிவிடுகிறது, வருடா வருடம் கொடுப்பார்கள் என்பது மாதிரி. போனஸ் கம்பெனியின் வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் போனஸ் 20, ஆலையின் சம்பளம் 108. முதல் வருடம் 120-க்கு 108, யாருக்கும் 120-தான் கண்ணில் படும். சம்பள உயர்வு எதுவும் இல்லை என்று வைத்து மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 320-க்கு 324, ஆலை முந்திவிடுகிறது. கூடவே லெட்டரின் கடைசிப் பக்கத்தில், ஒரு வருடத்துக்குள் விலகினால் போனஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. இதை எழுதி வைக்க டெம்ப்ளேட்டில் கட்டமே கிடையாது.

ஸ்டார்ட்அப் கொடுக்கும் ஸ்டாக் ஆப்ஷன் இன்னும் மோசம், ஷீட் அதைக் கைப்பணமாகவே பார்க்கிறது. ஆப்ஷன் என்பது பங்கு இல்லை, குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை மட்டும்தான். வழக்கமாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் பூஜ்யம், அதற்குப் பிறகு விலகினாலும் பெரும்பாலும் 90 நாளுக்குள் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கியாக வேண்டும். ஆப்ஷன் இல்லாமல் நேரடிப் பங்காகவே கொடுக்கும் இடத்திலும் மொத்தத்தை நான்கால் வகுத்துவிட முடியாது. அமேசானில் பங்குகளை நான்கு வருடத்துக்கு 5, 15, 40, 40 சதவீதம் என்று பிரித்துக் கொடுக்கும் முறை பிரபலம், இரண்டு வருடத்தில் கிளம்புகிறவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கையில் நிற்கும். கடைசியில் ஆப்ஷனுக்கு நேராக 0 போட்டுவிட்டேன். வந்தால் லாபம்.

சம்பள விவரத்துக்கு கிளாஸ்டோரையும் லெவல்ஸ் எஃப்ஒய்ஐ தளத்தையும் பார்த்தேன். இரண்டாவது, அடிப்படைச் சம்பளம், பங்கு, போனஸ் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது நல்ல விஷயம். ஆனால் சாஃப்ட்வேர்காரர்களுக்குத்தான் அங்கே விருந்து.

இந்த டெம்ப்ளேட்டுக்குப் போட்டியாக இன்னொரு சரக்கு 1772-லிருந்தே இருக்கிறது, வெறும் தாளும் பேனாவும். வேதியியல் புத்தகத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வரும் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபுவிடமிருந்து ஒரு வேலை வந்தது. போகலாமா வேண்டாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு விவரம் போதாது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன் என்று பதில் எழுதினார் பிராங்க்ளின். தாளின் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம், மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுதிக்கொண்டே வந்து, சம எடை உள்ளவற்றை இரு பக்கமும் அடித்துவிட வேண்டும். பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார், 1774-இல் ஆக்சிஜன் ஆய்வைச் செய்தது அந்தப் பிரபுவின் வீட்டில்தான். நானும் இதைச் செய்து பார்த்தேன். எண் இல்லாததால் ஏமாற்றிக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஆனால் மூன்று ஆஃபர் வந்தால் நடுக்கோடு எங்கே போடுவது?

இதற்குள் போனஸ் கம்பெனி ஐந்து நாளில் பதில் வேண்டும் என்றது. கூடுதலாக ஒரு வாரம் கேட்டு மெயில் அனுப்பினேன், மரியாதையாக மறுத்துவிட்டார்கள். சரி என்று அந்த ஆஃபரை ஷீட்டிலிருந்து நீக்கினேன். அப்போதுதான் கூத்து. அதுவரை ஸ்டார்ட்அப் ஆலையைவிட 3 மதிப்பெண் முன்னால் இருந்தது, நீக்கியதும் ஆலை 2 மதிப்பெண் முன்னால் வந்துவிட்டது. ஆலையைப் பற்றியோ ஸ்டார்ட்அப்பைப் பற்றியோ ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை! ஃபார்முலாவைத் திறந்து பார்த்தால், பண வரிசையில் இருப்பதிலேயே அதிகமான தொகைக்கு 10 கொடுத்து மற்றதை அதன் விகிதத்தில் கணக்கிடுகிறது. 120 இருந்தவரை ஆலையின் 108-க்கு 9, ஸ்டார்ட்அப்பின் 90-க்கு 7.5. அது போனதும் 10, 8.33. இடைவெளி 1.5-லிருந்து 1.67 ஆகி, 30-ஆல் பெருக்கும்போது 5 மதிப்பெண் புரண்டுவிட்டது. முடிவெடுக்கும் முறைகளைப் படித்தவர்களுக்கு இந்த வியாதி பழையதுதான், தர வரிசை தலைகீழாவது என்பார்கள். பச்சை வண்ணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்கு இது தெரியவே வராது.

இதைக் கண்டுபிடித்த எரிச்சலில் எல்லா மதிப்பெண்ணையும் மறுபடி பார்த்தேன். மேனேஜர்: 7, 7. கற்றுக்கொள்ளும் வாய்ப்பு: 7, 8. எந்த அடிப்படையில் போட்டேன்? எதுவும் இல்லை. மேனேஜர் யார் என்றே தெரியாமல் 7 போட்டிருக்கிறேன், தெரியாத விடைக்கு நடுவில் உள்ள ஆப்ஷனைக் கறுப்பாக்குவது போல. தெரியாத கட்டங்களில் எல்லாம் கேள்விக்குறி போட்டேன், ஷீட் உடனே மொத்தத்தை விட்டுவிட்டுப் பிழைச் செய்தி காட்ட ஆரம்பித்தது. கேள்விக்குறி 11. என்னைக் கேட்டால் இந்த டெம்ப்ளேட் உருப்படியாக வேலை செய்தது அந்த நிமிடத்திலிருந்துதான்.

ஏனென்றால் அந்த 11 கட்டமும் அப்படியே எச்.ஆருக்கு அனுப்பும் கேள்விகள். யாருக்குக் கீழ் வேலை, கடைசியாகச் சேர்ந்த புதியவர் முதல் ஆறு மாதம் என்ன செய்தார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா. ஆலையில் இரண்டு வருடம் முன் சேர்ந்த ஒரு இன்ஜினியரோடு பேச வைத்தார்கள். "முதல் எட்டு மாசம் ஷிஃப்ட்தான், நைட்டும் வரும், தூக்கம் கெடும், அதுக்கப்புறம் எந்தப் பிரிவுன்னு நீங்க கேட்கலாம்" என்று மறைக்காமல் சொன்னார். ஸ்டார்ட்அப்பின் நிறுவனரும் ஒளிக்கவில்லை, கையில் இருக்கும் முதலீடு 14 மாதத்துக்கு வரும் என்றார். முடிந்துபோன போனஸ் கம்பெனியிடமும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன், எந்த டீம் என்று. சேர்ந்த பிறகு முடிவாகும் என்பதுதான் பதில்.

ஆலைக்குப் போனேன். இப்போது ஆறாவது மாதம், நைட் ஷிஃப்ட் அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கத்தைக் கெடுக்கிறது.

மூன்றரை நட்சத்திரம். ஏற்கெனவே போட்ட எடைகளை எடுத்துவிட்டு, பணத்தை ஒரே வரிசையில் மூன்று வருடக் கணக்காகக் காட்டினால் நான்கு தருவேன். இன்னொன்று, தயவுசெய்து மொபைலில் நிரப்பாதீர்கள். பக்கவாட்டில் நகர்த்தும்போது தலைப்புகள் மறைந்துவிடும், நான் ஆலையின் சம்பளத்தை ஸ்டார்ட்அப்புக்கு நேராகப் போட்டுவிட்டு அரை நாள் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.