கையில் ஒட்டிய குளுக்கோஸ் சென்சர்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

இன்சுலின் ஏற்றத் தொடங்கிய நாள்முதல் தினமும் நான்கு தடவை விரல் நுனியைக் குத்திச் சலித்துப்போயிருந்த எனக்கு, மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சரை ரொறன்ரோவிலுள்ள மகள் அனுப்பத் தொடங்கி ஒன்றரை ஆண்டாகிறது. சோடா மூடியளவான அந்த வட்டத்திலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமான மெல்லிய இழையொன்று தோலுக்குள் இறங்கியிருக்கும். அதிலுள்ள நொதியம் குளுக்கோசுடன் தாக்கமுறும்போது எழும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டு கணித்த அளவு என் கைபேசியிலும் மகளின் கைபேசியிலும் தெரியும். ஒன்றின் ஆயுள் 14 நாள். என் கையில் அதை முழுதாகக் கண்டவை பாதிதான்.

குறை பசையில் இருக்கிறது. வைகாசி வெக்கையில் வியர்வை அதன் விளிம்பைக் கிளப்பிவிடும். கிணற்றடியில் குளித்துவிட்டுப் பழக்கதோசத்தில் துவாயால் அழுத்தித் துடைத்தால் மிச்சமும் போய்விடும். நல்லூர்த் திருவிழாவில் மேலாடையின்றி நின்றபோது, சன நெரிசலில் யாரோ ஒருவரின் தோள் உரசி, மூன்றே நாளான சென்சர் கழன்று விழுந்தது. அதன் விலையை நினைக்க அன்று சுவாமியைக் கும்பிடவும் மனம் ஒன்றவில்லை. இப்போது ஸ்பிரிற்றால் துடைத்து, அது நன்றாகக் காய்ந்த பின்னரே ஒட்டி, சுற்றிவரப் பிளாஸ்டரும் போடுகிறேன்.

சிவப்பரிசி மாவென்றால் சீனி ஏறாது என்று நம்பி இரவில் பத்து இடியப்பம் சாப்பிட்டு வந்தவன் நான். ஒன்றரை மணித்தியாலத்தில் சீனி 230ஐத் தாண்டியதைக் கைபேசியில் பார்த்தபின் இடியப்பம் ஐந்தாகக் குறைந்தது. விரலில் குத்தும் காலைப் பரிசோதனை இதை ஒருநாளும் காட்டியதில்லை.

ஆனாலும் சென்சர் சொல்வதெல்லாம் வேதமல்ல. அது அளப்பது இரத்தத்தையன்று, தோலுக்கடியிலுள்ள இழையத் திரவத்தை. ஆகையால் சில நிமிடங்கள் பிந்தியே சொல்லும். அந்தக் கையின்மேல் சரிந்து படுத்தாலோ, அழுத்தத்தால் அளவு பொய்யாக விழும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மகள் அழைத்தாள். "அப்பா, சீனி 54க்கு இறங்கிட்டுது எண்டு காட்டுது, எழும்பி ஏதும் குடியுங்கோ." தூக்கக் கலக்கத்தில் சீனித் தண்ணீர் கரைத்துக் குடித்தேன், விடியும்போது 240. அடுத்த முறை அதேபோல் அழைப்பு வந்தபோது விரலில் குத்திப் பார்த்தேன், 118.

இப்போதெல்லாம் அவள் எடுத்தவுடன் கேட்பது, "அப்பா, எந்தப் பக்கம் படுத்திருக்கிறியள்?" என்பதுதான்.