பூட்டிய பழைய கோப்பு: கடவுச்சொல்லைத் தேடுவதா, உடைப்பதா?

கணினியைப் புதுப்பித்த பின், கடவுச்சொல் இட்டுப் பூட்டிய பழைய வேர்ட் கோப்பு (காணி உறுதியின் வரைவு என்று வையுங்கள்) திறக்க மறுக்கிறதா? யாழ்ப்பாணத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசைப்பலகையைத்தான். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்துக் கடவுச்சொல், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. யூனிகோட் தமிழில் அதே விசைகளை அழுத்தினால் பொருந்தாது. ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றி, விரல்களின் பழைய பழக்கத்திலேயே தட்டிப் பாருங்கள். வேர்ட் முரண்டுபிடித்தால் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் முயலலாம். செலவில்லை, காணி உறுதியின் வரைவு அந்நியர் கைக்கும் போகாது.

உடைக்கும் மென்பொருளா? வேர்ட் 97–2003 கோப்பின் வழக்கமான பூட்டுக்குச் சாவியின் நீளம் வெறும் 40 பிட்தான். இன்றைய கணினிக்கு அது பெரிய வேலையல்ல. வேர்ட் 2007 முதல் வந்த டாக்எக்ஸ் (.docx) கோப்பு என்றால் ஏஇஎஸ் (AES) என்ற வலுவான பூட்டு. நீளமான சொல்லாக இருந்தால் மாதக்கணக்கில் ஓடவிட்டாலும் உறுதியில்லை. எதுவானாலும் மூலத்தை விட்டுவிட்டுப் பிரதியில் கைவையுங்கள்.