ஊர்ப் பட்டியலுக்கு முன் எங்கள் மகனைப் பற்றிக் கேட்ட பயண அலுவலகம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஓர் அண்ணாச்சியும் அவருடைய மருமகளும் நடத்தும் சிறிய பயண அலுவலகத்தின் வழியாக, கடந்த கோடை விடுமுறையில் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களுக்குப் பன்னிரண்டு நாள் போய் வந்தோம். எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. இதில் அவர்களுடைய குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இதற்கு முன் நாங்கள் விசாரித்த வேறு இரண்டு இடங்களில், மகனைப் பற்றிச் சொன்னதும் சக்கர நாற்காலி வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். இங்கே மருமகள் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, ஊர் பேரை அப்புறம் பேசுவோம். தம்பிக்கு எந்தச் சத்தம் ஆகாது, என்ன சாப்பிடுவான், எதைப் பார்த்தா சந்தோஷப்படுவான், அதை முதல்ல சொல்லுங்க" என்றார். கழிப்பறைகளில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான் என்பதும், இட்லி, தயிர்ச்சாதம், சொதி தவிர வேறெதையும் தொடமாட்டான் என்பதும், நெல்லை எக்ஸ்பிரஸின் பெட்டிகளை வரிசை மாறாமல் சொல்வான் என்பதும் அந்த நோட்டில் ஏறின. முதல் நாள் பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது.

நாங்கள் எழுதிக்கொண்டு போன பட்டியலில் மலாக்காவும் லங்காவியும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார் மருமகள். ஒவ்வொரு புது அறையும் அவனுக்கு முதல் நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஓர் ஊரில் மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் தங்கவே கூடாது என்பது அவருடைய கணக்கு. ஜொகூர் பாலத்தின் வழியே பேருந்தில் சிங்கப்பூர் போனால் செலவு குறையும் என்று என் கணவர் சொன்னபோது, இரு கரையிலும் இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை விளக்கி, பினாங்கிலிருந்து நேராக விமானத்தில் போகும்படி மாற்றினார். பணம் கூடியது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவு சரியானது.

ஆவண வேலையில் அண்ணாச்சி கெட்டிக்காரர். சிங்கப்பூர் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம் வேண்டும். ஸ்டூடியோ வெளிச்சத்தில் எங்கள் மகன் கண்ணைத் திறக்கவே மாட்டான். வீட்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் நாங்களே எடுத்து அனுப்பினால் போதும் என்றார். நாற்பதாவது படம் சரியாக அமைந்தது. சிங்கப்பூருக்குள் சில வகை மருந்துகளைக் கொண்டுபோக அந்நாட்டின் முன் அனுமதி தேவை என்பதால், மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதிய மருத்துவர் கடிதத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்குகிறது. அதன்படி பெற்ற அடையாள அட்டையின் நகலை இணைத்து, பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு எழுதி, 'டி.பி.என்.ஏ.' என்ற குறியீட்டை டிக்கெட்டில் சேர்க்கச் செய்தார். அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடுள்ள பயணிக்கு உதவி தேவை என்பதை ஊழியருக்குத் தெரிவிக்கும் குறியீடு அது. சக்கர நாற்காலி வேண்டாம், வரிசையில் நீண்ட நேரம் நிற்க முடியாது என்பதைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நாங்கள் யாரிடமும் மன்றாடிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர் என்பதை ஊழியருக்குக் காட்டுவதற்காக 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய, சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சைக் கழுத்துப்பட்டை ஒன்றையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் எதுவும் உரசக் கூடாது என்பதால் அவன் அதைப் பையில் மாட்டிக்கொண்டான்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, எங்களைக் குற்றாலத்தில் ஓர் இரவு தங்கிவரச் சொன்னார் மருமகள். அங்கே அவன் விடியும்வரை தூங்கவில்லை. அவனுடைய தலையணையுறையையும் போர்வையையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பது அந்த இரவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோலாலம்பூரில் முதல் இரவே தூங்கினான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கமாக, விமானம், அறை, ரயில், சாப்பாடு என்று படங்கள் ஒட்டிய ஆல்பம் ஒன்றையும் தயாரித்துக் கொடுத்தார். முடிந்த படத்தின்மேல் அவனே ஒரு கோடு போட்டுக்கொள்வான். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது எது என்று கேட்டால், அந்த ஆல்பத்தைத்தான் சொல்வேன்.

கோலாலம்பூர் அருகே முருகன் குகைக்கோயில் உள்ள பத்துமலையைத் திருச்செந்தூர்க்காரியான நான் விடுவதாக இல்லை. காலை ஏழு மணிக்குள், கூட்டம் சேருமுன், கையில் உணவுப் பொட்டலம் எதுவும் இல்லாமல் போகச் சொன்னார் மருமகள், இல்லையென்றால் குரங்குகள் பறித்துவிடும். 272 படிகள் என்று ஆல்பத்தில் எழுதியிருந்தது. வண்ணம் பூசிய அந்தப் படிகளை அவன் ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி ஏறி, கணக்கு ஒத்துப்போனதும் மேலே நின்று கைதட்டினான். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது மறுபடியும் எண்ணிக்கொண்டே இறங்கினான். பெட்ரோனாஸ் கோபுரங்களுக்குள் போகவில்லை. எதிரேயுள்ள பூங்காவிலிருந்து பார்த்ததோடு சரி.

கோலாலம்பூரிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணம் அவனுக்காகவே சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வடகிழக்குத் தடத்தின் ரயிலில், முன் கண்ணாடியருகே நின்று சுரங்கத்தைப் பார்த்தபடி அவன் முழுத் தடத்தையும் இரண்டு முறை போய் வந்தான். அதே தடத்தில் இருக்கும் லிட்டில் இந்தியாவில் தங்கியதால் இட்லிக்குக் கவலையில்லை. ஞாயிறு மாலையில் அங்கே கூட்டம் நெருக்கும் என்பதால், அந்த நாளுக்கு மண்டாய் உயிரியல் பூங்காவை வைத்திருந்தார்கள்.

பினாங்கில்தான் தவறியது. அமைதியான பின்பக்க அறை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்; கிடைத்ததோ சாலையோர அறை. கீழே நள்ளிரவு வரை பாட்டு ஒலித்தது. மகன் குளியலறைக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, தலையைச் சுவரில் இடித்துக்கொண்டு அழுதான். அண்ணாச்சிக்கு அழைத்தோம், முதல் மூன்று அழைப்புகளை எடுக்கவில்லை. மறுநாள் வேறு விடுதிக்கு மாறிய செலவை முழுதாகத் திருப்பித் தந்தார்கள் என்றாலும், அறையைப் பற்றிய வாக்கை விடுதியிடமிருந்து எழுத்தில் வாங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டபோது எனக்குக் கோபம் அடங்கவில்லை. இத்தனை கேள்வி கேட்டவர்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பயணக் காப்பீட்டிலும் கவனக்குறைவு இருந்தது: பயணத்துக்கு முன்பே உள்ள உடல்நிலைகளுக்கு அந்தப் பாலிசியில் காப்பீடு கிடையாது என்று இருந்ததை நாங்களே படித்துக் கண்டுபிடித்து மாற்றச் சொன்னோம்.

திட்டமிடுவதற்கென்று தனியாக ₹9,000 வாங்கினார்கள். டிக்கெட், விசா, தங்குமிடச் செலவுகள் வேறு. மருமகள் எங்களுக்காகச் செலவிட்ட நாட்களை எண்ணினால் இது அதிகமில்லை. இப்படிப்பட்ட குடும்பங்களை ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் அவர் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அரையாண்டு விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் ஆகஸ்டிலேயே நேரில் போய்ப் பேசுவது நல்லது. போகும்போது அறை ஒதுக்கீட்டை விடுதியின் மின்னஞ்சலாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் அழைத்தால் எடுக்கக்கூடிய இரண்டாவது எண்ணையும் கேளுங்கள்.

எங்களுடைய அடுத்த பயணத்தையும் அங்கேயே கொடுத்திருக்கிறோம். நோட்டில் இப்போது பினாங்கு இரவும் எழுதப்பட்டிருக்கிறது.