கூரைக் காரை விழுகிறதா? கம்பியைக் காட்டாமல் பூசிவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள்

திருவான்மியூரில் கடல் காற்று நேராக வந்து அடிக்கும் தெருவில் எங்கள் வீடு. தொண்ணூறுகளில் கட்டியது. அம்மா படுக்கும் அறையின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்ததும், பழுதுபார்ப்பு வேலையில் பெயர் பெற்றவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்தோம். அவர் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்தல், துருவை முழுவதும் நீக்குதல், துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட், பாலிமர் கலந்த காரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எல்லாவற்றுக்கும் பணம் வாங்கிக்கொண்டார். செய்தது வெறும் சிமென்ட் பூச்சு.

அடுத்த மழைக்காலம் கழிந்து, பூசிய இடத்தைச் சுற்றிக் கூரை உடைந்து அம்மாவின் கட்டில்மேல் விழுந்தபோதுதான் இது வெளியே வந்தது. அம்மா அந்த நேரம் அடுக்களையில் இருந்தார். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன். கம்பி பதிந்திருந்த பள்ளம் அப்படியே தெரிந்தது. பள்ளம் நெடுகச் செம்பழுப்புத் துரு. ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால் கம்பியைச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய பிரைமர் எங்கேயும் இல்லை. துருவின்மேலேயே சிமென்டை அப்பியிருக்கிறார்கள். துரு ஏடு ஏடாகக் கழன்று வந்தது. கம்பி ஓரிடத்தில் குழி விழுந்து பாதியாக மெலிந்திருந்தது. கம்பியின் பின்புறம் பழைய கான்கிரீட்டை உளி தொட்டதற்கான அடையாளமே கிடையாது.

தொலைபேசியில் கேட்டதற்கு, "கடல் காற்று சார், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? நாங்கள் பூசிய இடம் நன்றாகத்தானே இருக்கிறது? பக்கத்து இடத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்" என்றார். இந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பக்கத்து இடம் கெட்டதற்குக் காரணமே இந்த அரைகுறைப் பூச்சுதான்.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு எளிதில் துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை மிக அதிகம். பிஎச் அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிக் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி, பிஎச் அளவை 9க்குக் கீழே இறக்கினால் படலம் போய்விடும். கடலோரத்தில் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையாதபோதே படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். பிறகு கம்பியே ஒரு மின்கலமாக மாறுகிறது. ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் கம்பி வழியாக ஓடி, இன்னோரிடத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. இப்படி உண்டாகும் துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். உள்ளேயிருந்து அது நெட்டித் தள்ளுவதால்தான் காரை விழுகிறது.

துருப்பிடித்துக் கரைந்துகொண்டிருக்கும் பகுதி, பக்கத்திலுள்ள கம்பிக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அதைக் காத்தும் வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் கொத்திப் புதுச் சிமென்ட் பூசினால், அங்கே காரம் கூடிக் கரைவது நின்றுவிடும். சுற்றியுள்ள கான்கிரீட்டிலோ உப்பு அப்படியே இருக்கிறது. இதுவரை காப்பாற்றப்பட்டு வந்த பக்கத்துக் கம்பி இப்போது கரையத் தொடங்கும். பூச்சைச் சுற்றி வளையம்போல் கூரை உடைவது இதனால்தான். பொறியாளர்களுக்கு இது நன்கு தெரிந்த சங்கதி. உப்பேறிய கான்கிரீட்டை, சுத்தியலால் தட்டும்போது ஒலி மாறும் எல்லையையும் தாண்டி அகற்றுவதும், பூச்சின் விளிம்பில் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டி, இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும்படி செய்வதும் இதற்காகத்தான்.

கடல் காற்று என்பது சாக்கு. பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலம் உப்புக் காற்றில் நூறாண்டுக்கு மேல் நின்றது, ஓயாத பராமரிப்பால். அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். இரும்பு அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கும் மாநிலத்தில், கம்பிக்குப் பிரைமர் அடிக்காததற்குக் கடலைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தால், கொத்தி முடித்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கம்பியைப் பாருங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைய வேண்டும். இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்திருக்க வேண்டும். கால் பங்குக்கு மேல் மெலிந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். கொத்துவதற்கு முன்பே கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. சுத்தியலால் கூரை முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் உள்ளே பிரிந்துவிட்டது. உடைத்த புது முகப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. ஆனால் உப்பை அது காட்டாது. உப்புக்குக் கான்கிரீட் தூளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கலக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 456 சொல்கிறது. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் அதைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பணத்தையும் கட்டம் கட்டமாகவே கொடுங்கள். விலைப்பட்டியல், ரசீது, உடைந்த துண்டு, கம்பியின் படங்கள் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப்போகிறேன். அதற்கு 2 ஆண்டுக் கெடு உண்டு. இதே கதி நேர்ந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.