டி.எம்.யூ.ஏ. தேர்வுக்கான அதிகாரபூர்வ இலவசப் பயிற்சி: எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

காசு கட்டி கோச்சிங்கில் சேரும் முன், தேர்வை நடத்தும் யூ.ஏ.டி.-யூ.கே. அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதை முழுசாகத் தீர்த்துவிடுங்கள். கேம்பிரிட்ஜில் பொருளியலுக்கும் கணினி அறிவியலுக்கும், இம்பீரியல், எல்.எஸ்.இ., வார்விக் போன்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கணிதம் சார்ந்த சில படிப்புகளுக்கும் கேட்கப்படும் கணித நுழைவுத் தேர்வான டி.எம்.யூ.ஏ.வுக்கு அதைவிட நல்ல பொருள் வெளியில் கிடையாது. குறைகளும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

தேர்வு இப்படி இருக்கும்: இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 20 பலவுள் தெரிவுக் கேள்விகள், 75 நிமிடம். கால்குலேட்டரும் சூத்திரப் பட்டியலும் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. இரண்டு தாளின் மதிப்பெண்ணையும் கூட்டி 1.0 முதல் 9.0 வரையான அளவுகோலுக்கு மாற்றுவார்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 3 நிமிடம் 45 வினாடி. கேட்கத் தாராளமாகத்தான் தோன்றும், இரண்டாம் தாளைத் திறக்கும்வரை.

முதல் சொத்து, பழைய வினாத்தாள்கள். 2016 முதல் 2023 வரை எட்டு ஆண்டுத் தாள்கள், மொத்தம் 320 கேள்விகள். அதற்கு மேல் ஒரு மாதிரித் தாளும் உண்டு. இந்தக் கையிருப்பு வளராது என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். பலரும் செய்யும் தப்பு, முதல் வாரத்திலேயே நேரம் வைத்து வரிசையாக எழுதித் தீர்ப்பது. பிறகு தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கையில் புதுத் தாள் ஒன்றுகூட இருக்காது. 2016 முதல் 2019 வரையுள்ளதை நேரம் பார்க்காமல், பாடவாரியாகப் பிரித்துப் போடுங்கள். 2021 முதல் 2023 வரையுள்ளதைப் பூட்டி வைத்து, கடைசி மூன்று வாரங்களில் முழுத் தேர்வாக எழுதுங்கள். பிந்தைய ஆண்டுகள் பொதுவாக இறுக்கமானவை. 2016 தாளில் 17 வாங்கிவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம்.

இரண்டாவது, தர்க்கமும் நிரூபணமும் பற்றிய குறிப்பேடு. இந்தத் தொகுப்பிலேயே விலைமதிப்புள்ளது இதுதான். அதிகம் பேர் திறந்தே பார்க்காததும் இதுதான். இரண்டாம் தாளின் உயிர் இங்கே இருக்கிறது: தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை, மறுதலை, 'எல்லாவற்றுக்கும்' என்பதை மறுத்தால் 'ஏதோ ஒன்றுக்கு அப்படி இல்லை' என்று ஆவது. ஓர் எண்ணின் வர்க்கம் 4ஐ விடப் பெரிதாக இருக்க, அந்த எண் 2ஐ விடப் பெரிதாக இருப்பது போதும், ஆனால் தேவையில்லை; −3 இருக்கிறதே. இது தெரிந்த பிள்ளைகளே, நான்கு வரிக் கூற்றுக்குள் 'ஒன்லி இஃப்' ('என்றால் மட்டுமே') என்று வரும்போது அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கும் குறிப்பேட்டில் தனிப் பகுதி உண்டு. அந்த வகைக் கேள்வி எப்படிச் சிக்கவைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓர் எண்ணோடு 6ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வருகிறது. தீர்வு இப்படி எழுதப்பட்டிருக்கிறது: முதல் வரியில் இருபுறமும் வர்க்கப்படுத்தியாயிற்று, இரண்டாம் வரியில் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தியாயிற்று, மூன்றாம் வரியில் 'ஆகவே எண் 3 அல்லது −2', நான்காம் வரியில் 'ஆகவே சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள்'. −2 பொருந்தாது என்று எல்லாரும் பார்த்துவிடுவார்கள். ஆனால் பிழை எந்த வரியில் என்று கேட்டால் பாதிப் பேர் வர்க்கப்படுத்திய வரியைக் குறிப்பார்கள். அது பிழையே இல்லை. மேலிருந்து கீழே வர முதல் மூன்று வரிகளும் சரி. மூன்றாம் வரிகூட 'இவற்றுள் ஒன்றாகத்தான் இருக்க முடியும்' என்றே சொல்கிறது. கீழிருந்து மேலே ஏற முடியாது என்பதை மறந்து, இரண்டுமே தீர்வு என்று முடிவுகட்டிய நான்காம் வரிதான் தப்பு. குறிப்பேட்டை இரண்டு முறை படித்தவர்களுக்கு இது அரை நிமிட வேலை.

விடை விளக்கங்கள் ஒவ்வொரு தாளுக்கும் உண்டு. சரியாகவும் இருக்கின்றன. ஆனால் தேர்வறையில் அப்படிச் செய்தால் நேரம் போதாது என்கிற கேள்விகள் நிறைய. விடைத் தெரிவுகளில் எண்ணைப் போட்டுப் பார்த்து நாலைத் தள்ளுவது, வரைபடம் கிறுக்கி எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணுவது, இப்படிப்பட்ட குறுக்கு வழிகளை அவை அதிகம் பேசாது. விளக்கத்தைப் படித்து முடித்ததும் மூடிவிட்டு, வேறு வழியில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்துத் தவறிய கேள்விகளை மட்டும் திரும்ப எழுத வேண்டும். அப்போதும் தவறினால் அது கவனக்குறைவு அல்ல, பாடத்திலேயே ஓட்டை.

2024 முதல் தேர்வு கணினியில், பியர்சன் வியூ நிறுவனத்தின் தேர்வு மையங்களில் நடக்கிறது. தளத்தில் திரைவழிப் பயிற்சித் தேர்வுகள் இருப்பது அதற்காகத்தான். அச்சடித்த தாளில் மட்டும் பழகியவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி, படத்தின் மேல் கோடு போட முடியாது என்பது. வட்டத்துக்குள் முக்கோணம் என்றால் முதலில் அதைத் தனியாக வரைந்தாக வேண்டும். அரை நிமிடம் அங்கேயே போய்விடும். வீட்டிலும் திரையில் கேள்வி, பக்கத்தில் வெற்றுத்தாள் என்றே பழகுங்கள். முதல் சுற்றை 50 நிமிடத்துக்குள் முடித்து, இழுக்கும் கேள்விகளைக் கொடியிட்டுவிட்டு நகர வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒன்றுகூட வெறுமையாக இருக்கக் கூடாது. முதல் தாள் முடிந்தால் முடிந்ததுதான், திரும்பிப் போக வழியில்லை.

பாடத்திட்டக் கோப்பு சின்னது, ஆனால் வேறு பாடத்திட்டத்தில் படித்தவர்கள் வரிவரியாகப் பார்க்க வேண்டும். அணிகள், வெக்டர், கலப்பெண்கள் எதுவும் தேவையில்லை. அதையெல்லாம் கரைத்துக் குடித்தவர், சரிவக விதியை (வளைவின் கீழுள்ள பரப்பைச் சரிவகங்களாக வெட்டித் தோராயமாகக் காண்பது) கேள்விப்பட்டிருக்காமல் போகலாம். அதில் பரப்பைக் கணக்கிடுவதோடு நிற்க மாட்டார்கள். வந்த மதிப்பு கூடுதலா குறைவா என்று கேட்பார்கள். வளைவு மேல்நோக்கி வளைந்தால் நாண்கள் வளைவுக்கு மேலே போகும், ஆகவே கூடுதல்.

தாள்கள் தீர்ந்துபோனால்? கேம்பிரிட்ஜ் முன்பு பொறியியலுக்குக் கேட்ட இ.என்.ஜி.ஏ.ஏ. தேர்வின் பழைய தாள்களில் கணிதப் பகுதி முதல் தாளுக்கு நன்றாகப் பொருந்தும். ஆக்ஸ்ஃபோர்டின் கணித நுழைவுத் தேர்வான எம்.ஏ.டி.யின் பழைய தாள்களில் முதல் கேள்வியில் உள்ள பத்துப் பலவுள் தெரிவுகளும் அப்படியே. கொஞ்சம் கடினம், ஆனால் அதே சுவை. விலைக்கு விற்கும் மாதிரித் தாள்களை வாங்கும் முன் இரண்டு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அரைப்பக்கக் கணக்கீடு தேவைப்பட்டால் அது இந்தத் தேர்வின் கேள்வி அல்ல, கடினமாகத் தெரிவதற்காக எண்களை அசிங்கப்படுத்தியது.

ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரு முறைதான் எழுதலாம். அக்டோபர், ஜனவரி என இரண்டு அமர்வுகள் இருந்தாலும் கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிப்பவர்கள் அக்டோபரில்தான் எழுதியாக வேண்டும். எனவே குறிப்பேட்டை ஜூலையிலும் பூட்டிவைத்த தாள்களைச் செப்டம்பர் கடைசியிலும் திறந்தால் கணக்குச் சரியாக வரும்.